கோப்பின் முகவரி

கடிதம் ஒன்று உரியவர் கையை அடைய வேண்டுமாயின் பெயர் மட்டும் போதாது. ஊரும் தெருவும் கதவு எண்ணும் வேண்டும். ஒரே பெயருடையார் ஓரூரில் பலர் இருத்தல் இயல்பன்றோ? கணிப்பொறியிலுள்ள கோப்புகளுக்கும் இது பொருந்தும். கோப்பு இருக்கும் இடத்தை முழுமையாகக் காட்டும் முகவரியே ‘கோப்பு வழி’ எனப்படும்.

வேரினின்று கிளையும், கிளையினின்று கொம்பும் பிரிவதுபோல, அடைவினுள் அடைவு வைக்கும் முறை 1960-களில் அமெரிக்காவில் உருவான மல்ட்டிக்ஸ் இயக்க முறைமையில் அமைந்தது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸும் அம்முறையை மேற்கொண்டது. அதில் ஒவ்வோர் அடைவின் பெயரையும் சாய்கோடு ஒன்று பிரித்துக் காட்டும்.

நொய்யலாற்றங்கரையில் உள்ள திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற நகரம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் ஆணைக்கும் அளவு, நிறம், அச்சுப்படம் ஆகியவற்றைக் குறிக்கும் கோப்புகள் உண்டு. பின்னல், சாயம், வெட்டு, தையல் என வேலைகள் பல கூடங்களில் நடைபெறுவதால், சரியான கோப்பு சரியான கூடத்திற்குச் செல்லுதல் இன்றியமையாதது.

நீண்ட வழியை எழுத்தெழுத்தாகத் தட்டினால் பிழை நேரும். இடைவெளி ஒன்று மிகினும் கோப்பு கிட்டாது. தமிழ்ப் பெயரில் இன்னுமோர் இடர் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பல கணிப்பொறிகளுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள்.

இவ்விடரைக் குறைப்பது விசைப்பலகையால் இயங்கும் பட்டியல். திரையில் சாளரங்களை ஒழுங்குபட அமைக்கும் செயலிக்குச் சாளர மேலாளர் என்பது பெயர். 2006-இல் வெளிவந்த டிடபிள்யூஎம் அவ்வகையினது. அதனோடு வழங்கும் டிமெனு என்னும் சிறு செயலியிடம் கோப்பு வழிகளைக் கொடுத்தால், அவற்றை வரிசையாகக் காட்டும். சில எழுத்துகளைத் தட்டியதும் பொருந்தாதவை மறையும். அம்புக்குறி விசையால் வேண்டியதை அடைந்து, உள்ளிடு விசையை அழுத்தினால் தேர்வு முடியும். உள்ள பெயர்களையே அது காட்டுவதால் எழுத்துப்பிழைக்கு இடம் குறைவு.

ஆயினும் கவனப்பிழைக்கு இடமுண்டு. வெட்டுக்கூடத்திற்குக் கோப்பு அனுப்பும் இளைஞன் ஒருவன் ‘அளவு’ எனத் தட்டுவதாகக் கொள்க. திரையில் இரு வரிகள் நிற்கும்:

/ஆணைகள்/2023/சிறுவர்சட்டை/அளவு
/ஆணைகள்/2024/சிறுவர்சட்டை/அளவு

கடைசிச் சொல் ஒன்றே. நடுவிலுள்ள ஆண்டு மட்டும் வேறு. முதல் வரியே தேர்வில் நிற்கும். விரைந்து விசையை அழுத்துவானாயின், புதிய ஆணைக்குரிய துணி பழைய அளவில் வெட்டப்படும். வெட்டிய துணியை ஒட்டுவார் யார்? பலருடைய உழைப்பும் கூலியும் அவ்வொரு விசையால் வீணாகும்.

ஆதலின், வழியை முதலிலிருந்து முடிவுவரை படித்த பின்னரே விசையைத் தொடுதல் வேண்டும். விரைவைக் கருவி தரும். கவனத்தை மனிதனே தரவேண்டும்.