குறட்டையும் நல்லுறக்கமும்

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில் அமராவதி ஆற்றின் நீரால் செழித்த ஊர்களுள் ஒன்று மடத்துக்குளம். குமரலிங்கமும் கணியூரும் அதன் அண்டை ஊர்கள். நெல்லும் கரும்பும் தென்னையும் அப்பகுதியின் வயல்வளத்தைப் பறைசாற்றும். வயல்வளத்தோடு ஆலைத்தொழிலும் அங்கு ஓங்கி நிற்கின்றது. நூற்பாலைகளில் கதிர்கள் இரவும் பகலும் ஓயாமல் சுழல்கின்றன. கோயம்புத்தூரிலிருந்து உடுமலை வழியாகப் பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. அச்சாலையில் சரக்கேற்றிய லாரிகள் விடியுமளவும் ஓடுகின்றன.

இரவிலும் விழித்து உழைப்போர் வாழும் இத்தகைய ஊர்களில், உறக்கம் பொன்னினும் அரியது. உழைத்த உடல் இழந்த வலிமையை மீட்பது உறக்கத்தில்தான். ஆனால், கண் மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் உறங்கும் நேரம் ஆகாது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும், எழும்போது படுக்கும்முன் இருந்ததைவிடச் சோர்ந்து எழுவோர் பலர் உள்ளனர். அவர்களின் உறக்கத்தைத் திருடும் கள்வன் யார் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அக்கள்வன் ஓசையின்றி வருபவனும் அல்லன். வீடு முழுவதும் கேட்கும்படி ஆரவாரம் செய்தே வருகின்றான். அந்த ஆரவாரமே குறட்டை.

“அவன் குறட்டை விட்டு நன்றாக உறங்குகின்றான்” என்று கூறுவது உலக வழக்கு. குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளனர். கும்பகருணனின் உறக்கத்தைப் பேசும் இராமாயணக் கதை, அவன் விட்ட மூச்சுக்காற்றின் எதிரே எழுப்பச் சென்றவர்கள் நிற்க இயலாது தடுமாறியதாகக் கூறும். கேட்போர் நகைப்பர். குறட்டை விடுவோரைக் கண்டும் அவ்வாறே நகைப்பர். ஆனால் குறட்டை, உறக்கம் நன்றாக அமைந்ததற்கு அடையாளம் அன்று. மூச்சு செல்லும் வழி குறுகியதற்கு அடையாளம் ஆகும்.

இதனை விளக்கச் சிறுவர் விளையாட்டு ஒன்றே போதும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதாத சிறுவர் நாட்டுப்புறத்தில் அரியர். சுருட்டிய இலையின் வாய் அகன்றிருந்தால் காற்று அமைதியாக வெளியேறிவிடும், ஓசை எழாது. அதன் ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால், குறுகிய வழியில் காற்று விரைந்து பாயும், இலையின் விளிம்பு அதிரும், ஓசை பிறக்கும். தொண்டையிலும் இதுவே நிகழ்கின்றது. வாயின் மேற்புறத்துப் பின்பகுதியில் எலும்பில்லாத மெல்லண்ணம் உள்ளது. அதன் நுனியில் உள்நாக்கு தொங்குகின்றது. விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்த தசைகள் விறைப்புடன் நின்று மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாவும் பின்னோக்கிச் சரிகின்றது. வழி குறுகுகின்றது. அவ்வழியே விரையும் காற்று, மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் அதிரச் செய்கின்றது.

வழி குறுகுவதற்குக் காரணங்கள் பல. உடல் பருத்தால் கழுத்தின் உள்ளும் நாவிலும் கொழுப்புச் சேர்ந்து வழியை நெருக்கும். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருத்தல், மூக்கினுள் சதை வளர்தல், தூசியாலும் ஒவ்வாமையாலும் மூக்கடைத்தல் ஆகியவற்றாலும் மூச்சு தடைப்படும். கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கிய அமைப்பு உடையோர், உடல் மெலிந்திருந்தும் குறட்டை விடுவர். மது, தொண்டைத் தசைகளை அளவுக்கு மீறித் தளர்த்தும். தூக்க மாத்திரைகளுள் சிலவும் அவ்வாறே செய்யும். புகைபிடித்தல் மூக்கையும் தொண்டையையும் அழற்சியுறச் செய்து வீங்க வைக்கும். முதுமையும் தசைகளின் உறுதியைக் குறைக்கும். ஆடவரிடம் இது மிகுதி. எனினும் மாதவிடாய் நின்றபின் பெண்டிரிடமும் பெருகுகின்றது.

சளி பிடித்த நாளிலும், அளவுக்கு மீறிக் களைத்த இரவிலும் எவரும் சிறிது குறட்டை விடக்கூடும். அது தானே மறைந்துவிடும். அஞ்சத்தக்கது மற்றொரு வகை. அவ்வகையில் இரவுதோறும் உரத்த குறட்டை எழும். திடீரென அவ்வோசை நின்றுவிடும். அருகில் இருப்போர், “இனி அமைதியாக உறங்குவார்” என்று எண்ணுவர். உண்மையில் அப்போது நின்றது ஓசை மட்டும் அன்று, மூச்சே நின்றுவிட்டது. மார்பும் வயிறும் காற்றை இழுக்கப் போராடும். வழி அடைபட்டதால் காற்று உட்செல்லாது. குருதியில் பிராணவாயு குறையும். மூளை இடரை உணர்ந்து உறங்குபவரை ஒரு நொடி விழிப்புறச் செய்யும். அவர் திணறலோடு மூச்சை இழுத்து மீண்டும் உறங்குவார். காலையில் இவற்றுள் ஒன்றும் அவர் நினைவில் நில்லாது. இவ்வாறு பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு தடைப்படுவதை ஒரு நிகழ்ச்சியாக மருத்துவர் கணக்கிடுகின்றனர். மணிக்கு 5 முறைக்கு மேல் நிகழ்ந்தால் நோய் உண்டென ஐயுறுவர். 30 முறைக்கு மேற்பட்டால் நோய் கடுமையானது என்பர். இதற்கு உறக்க மூச்சுத்தடை நோய் என்று பெயர்.

இந்நோய் உடைய நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கொள்க. இரவுப்பணி முடிந்து வீடு திரும்பிப் பகலெல்லாம் படுத்திருக்கின்றார். ஆயினும் நூறு முறை, இருநூறு முறை அவர் உறக்கம் அறுபடுகின்றது. அறுந்து அறுந்து ஒட்டிய நூல் வலிமையுடையது ஆகுமா? மறுநாள் பணியில் அவர் கண்கள் சொருகுகின்றன. மேற்பார்வையாளர் அவரைச் சோம்பேறி என்கின்றார். இல்லத்தாரும் அவ்வாறே நினைக்கின்றனர். நாளடைவில் அவரும் தம்மைச் சோம்பேறி என்றே நம்பத் தலைப்படுகின்றார். நோயுற்றவர்மீது குற்றம் சுமத்தப்படும் கொடுமை இது. அவர் சுழலும் பொறிகளிடையே நிற்பவராயின் கையை இழக்க நேரலாம். லாரி ஓட்டுபவராயின் தம் உயிரோடு பிறர் உயிருக்கும் இடர் விளைவிக்க நேரலாம். நோய் முற்றினால் குருதியழுத்தம் ஏறும். இதயநோயும் பக்கவாதமும் தாக்கக்கூடும்.

நோயைச் சோம்பல் எனக் கருதி நகைத்தது ஒரு நாட்டு வழக்கம் மட்டும் அன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836–37இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நூலில், நின்ற இடத்திலேயே உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். படித்தோர் நூறாண்டுக்கு மேல் சிரித்து மகிழ்ந்தனர். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பர்வெல் என்பாரும் அவருடைய துணைவர்களும், உடல் பருத்துப் பகலிலும் உறங்கிவிழும் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினர். சீட்டாட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கைக்கு வந்தும், அவற்றைப் பிடித்தவாறே உறங்கிப்போனவர் அவர். அந்நோய்க்கு அவர்கள் டிக்கன்ஸின் நூலை ஒட்டியே பெயர் சூட்டினர். 1965இல் பிரான்சு நாட்டில் காஸ்தோ முதலியோரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும், இத்தகையோருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டினர். 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவனும் அவர்தம் குழுவினரும் அதற்கு ஏற்ற மருத்துவம் ஒன்றை உலகுக்கு அறிவித்தனர். நகைப்புக்குரியதாய் இருந்த ஒன்று ஆராய்ச்சிக்குரியது ஆயிற்று. ஆராய்ச்சியால் தீர்வும் பிறந்தது.

சல்லிவன் கண்ட முறை எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. காற்றடைத்த பந்து தன் வடிவம் குலையாது நிற்கும். காற்று போனால் ஒட்டிக்கொள்ளும். அதுபோல, சிறு பொறி ஒன்று மெல்லிய அழுத்தத்துடன் காற்றைக் குழாய்வழிச் செலுத்தும். மூக்கின்மேல் பொருத்திய முகமூடி வழியாக அது தொண்டையை அடைந்து, மூச்சுவழி ஒட்டாமல் தாங்கி நிற்கும். குறட்டை அடங்கும், உறக்கம் அறுபடாது. கண்ணாடி அணிந்திருக்கும் வரையில் பார்வை தெளிவது போல, இக்கருவியும் பயன்படுத்தும் வரையில்தான் பயன் தரும்.

நோயின் அளவை அறிய உறக்க ஆய்வு உதவுகின்றது. உறங்குபவரின் மூச்சோட்டம், மார்பின் அசைவு, இதயத்துடிப்பு முதலியவற்றைக் கருவிகள் இரவு முழுவதும் பதிவு செய்யும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் பலர் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர் போன்ற கருவி, குருதியின் பிராணவாயு அளவைக் காட்டும்.

எல்லாருக்கும் பொறி வேண்டுவதில்லை. தம் முயற்சியால் பெறும் பயனும் பெரிது. பருத்த உடலினர் எடையைக் குறைத்தல் முதற்கடமை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் மூச்சுத்தடை கணிசமாகக் குறைவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மல்லாந்து படுப்பதை விடுத்து ஒருக்களித்துப் படுத்தல் நன்று. சட்டையின் முதுகுப்புறத்தில் சிறு பந்து ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டால், புரளும்போது அது உறுத்தி மல்லாக்கப் படுக்கவிடாது. மதுவையும் புகையையும் அறவே ஒழித்தல் வேண்டும். மூக்கடைப்புக்கு மருத்துவம் செய்துகொள்ளல் வேண்டும். மருத்துவர் கூறாமல் தூக்க மாத்திரை உண்ணலாகாது. கீழ்த்தாடையை முன்தள்ளி நிறுத்தும் பற்கருவி சிலருக்குப் பொருந்தும். அறுவை மருத்துவம், தடை எங்குள்ளது எனக் கண்டறிந்த பின்னரே செய்யத்தக்கது. “ஒரே நாளில் குறட்டை நீங்கும்” என்று கூவி விற்கும் பொருள்களை நம்பிக் காலத்தையும் காசையும் இழத்தல் அறிவுடைமை ஆகாது.

சிறுவர்களின் குறட்டையையும் புறக்கணித்தல் கூடாது. தொண்டையின் இருபுறத்தும் உள்ள டான்சில் சதையும், மூக்கின் பின்புறத்து அடினாய்டுச் சதையும் வீங்கி மூச்சுவழியை அடைப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். அத்தகைய சிறுவர் வாயைத் திறந்தவாறு உறங்குவர். வகுப்பில் கவனம் இன்றி இருப்பர். சிலர் எரிச்சலும் துடுக்கும் காட்டுவர். மந்தபுத்தி என்று பழிக்கப்படுவோருள் சிலர், உறக்கம் கெட்டவராகவே இருத்தல் கூடும். மருத்துவர் ஆராய்ந்து, வேண்டுமாயின் அச்சதைகளை அகற்றிவிட்டால், பலர் நலம் பெறுவர்.

குறட்டை விடுபவர் தம் குறட்டையைக் கேட்பதில்லை. மூச்சு நிற்பதையும் அவர் அறியார். அதனைக் காணக்கூடியவர் அருகில் உறங்கும் மனைவியும் மக்களும் உடன்பிறந்தாருமே ஆவர். ஆகவே, இந்நோயைக் கண்டறியும் முதல் மருத்துவர் வீட்டில்தான் இருக்கின்றார். குறட்டை இடையிடையே நின்று திணறலோடு தொடர்கின்றதா, காலையில் தலைவலி உள்ளதா, பகலில் அடக்கவியலாத உறக்கம் வருகின்றதா என்று அவர்கள் நோக்குதல் வேண்டும். கண்டதை நகையாடாமல் எடுத்துரைத்து, அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ நெஞ்சுநோய்ப் பிரிவுக்கோ அவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருவது அவ்வட்டார மக்களுக்கு நல்வாய்ப்பாகும்.

பகலில் உறங்கி விழுபவரைச் சோம்பேறி என்று இகழ்வது எளிது. அவர் இரவில் எவ்வாறு மூச்சுவிட்டார் என்று கேட்பதே அறிவு, அன்பும் அதுவே.