கட்டிடக்காரர் பேச்சு மாறினால் கடைக்காரர் என்ன செய்வது?



நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கட்டிடத்தில்தான் தொழில் செய்கிறோம். சரக்கு வாங்கும்போது எடை பார்க்கிறோம், தரம் பார்க்கிறோம், பில் கேட்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை வைக்கப்போகும் இடத்தை மட்டும் வாய்ப்பேச்சிலேயே எடுத்துவிடுகிறோம். இந்த விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும், பின்னர் வழக்கறிஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டு. தகப்பனார் கடையிலிருந்து பிரிந்து தனியாக மொத்த வியாபாரம் தொடங்கிய சமயம். டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கிட்டங்கியை மூன்று வருடத்திற்குப் பேசி, 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். "ஐப்பசி முதல் தேதி சாவி வாங்கிக்கிடுங்க" என்றார் உரிமையாளர். அதை நம்பி விளாத்திகுளம் பக்கம் 200 மூட்டை மிளகாய் வத்தலுக்கு விலை முடித்தேன். அடியில் போட மரப்பலகையும் அறுத்து வாங்கிவிட்டேன்.

சாவி வாங்கப் போன அன்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. வீட்ல பிள்ளைங்க வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டாங்க."

லாரி வந்துவிட்டது. மூட்டைகளை ஒரு தாழ்வாரத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டேன். ஐப்பசி மழை தார்ப்பாயைக் கேட்டா வரும்? நிறம் போன வத்தலைக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். அட்வான்ஸ் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று, வட்டி இல்லை. வழக்குப் போடலாமா என்று ஒரு வக்கீலிடம் போனேன். "கையில் என்ன எழுத்து இருக்கிறது?" என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை.

நம் ஊர்த் துறைமுகத்தில் நடந்தது

ஒப்புக்கொண்டு வாடகைக்குக் கொடுத்தவர் பின்வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் இங்கே சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 10 லட்ச ரூபாய் மூலதனம். பங்கு ஒன்று 25 ரூபாய். தொடக்கத்தில் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் கொழும்புக்கு ஓட்டினார்கள். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி நெருக்கடி கொடுக்கவே, ஷா லைன் வாடகை ஏற்பாட்டை ரத்து செய்து கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

வ.உ.சி. கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துத் தொழில் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். 1907இல் காலியா, லாவோ என்ற இரு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

நாம் எல்லோரும் சொந்தக் கட்டிடம் வாங்கிவிட முடியாது. ஆனால் இதில் ஒரு பாடம் உண்டு. கொடுத்தவர் பின்வாங்கினால் முதலில் தொழிலைக் காப்பாற்ற வேண்டும். அதோடு நம் உரிமையையும் விடக்கூடாது. வேறு இடம் பார்த்துவிட்டால் கேஸ் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தவறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைக்க நமக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கோர்ட் பார்க்கும். ஆகவே நியாயமான மாற்று இடத்தைப் பிடித்து, கூடுதலாகக் கொடுத்த வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாவற்றுக்கும் பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தை நஷ்டமாகக் கேட்கலாம்.

இனி, உரிமையாளர் எந்த நிலையில் பின்வாங்குகிறார் என்பதைப் பொறுத்து நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

1. அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சாவி வரவில்லை

எனக்கு நேர்ந்தது இதுதான். இந்த நிலையில் தாமதம் கூடாது. "பேசியபடி இடத்தை எடுக்கவும் வாடகை கொடுக்கவும் தயாராக இருக்கிறேன், இன்ன தேதிக்குள் சாவியைத் தர வேண்டும்" என்று ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். புதிதாக வரப்போகிறவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இது மிக முக்கியம். நம் ஒப்பந்தம் பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து இடத்தைப் பெற்றவர் மீது ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோர முடியாது என்கிறது 1963ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டம். முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், தெரியாது என்று அவர் சொல்ல வழியில்லை. நான் அன்று இதைச் செய்யவில்லை.

பேசியபடி இடத்தைத் தரும்படி உத்தரவிடக் கோரலாம். அல்லது அட்வான்ஸையும் நஷ்ட ஈட்டையும் கேட்கலாம். முன்பெல்லாம் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது பெரும்பாலும் கோர்ட்டின் விருப்பத்தைப் பொறுத்தது. 1.10.2018 முதல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை வெகுவாகக் குறைத்துவிட்டது. இருந்தாலும், நாம் நம் பங்கைச் செய்யத் தயாராக இருந்தோம் என்பதை நிரூபித்தாக வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று வருடக் கெடு.

நஷ்ட ஈட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒப்பந்தம் பேசும்போது இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டம், அல்லது இயல்பாக வரக்கூடிய நஷ்டம்தான் கிடைக்கும். "தீபாவளிச் சரக்கு இறக்கத்தான் இந்த இடம்" என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால், பிற்பாடு "எனக்கென்ன தெரியும்" என்று அவர் கை விரிக்க முடியாது.

2. கடை நடக்கிறது, கெடு முடியும் முன்னே காலி செய்யச் சொல்கிறார்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக வந்த, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. கடைகளுக்கும் இது பொருந்தும். அரசு மற்றும் உள்ளாட்சி அமைப்புகளின் கட்டிடங்களுக்குப் பொருந்தாது. அங்கே கடை வைத்திருப்பவர்கள் தங்கள் ஏல நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் வரை, சட்டத்தில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இருந்தாலொழிய வாடகை நீதிமன்றம் காலி செய்யச் சொல்லாது. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது போன்றவை அந்தக் காரணங்களில் அடங்கும். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் இருப்பதே வெளியேற்ற ஒரு காரணம் என்பதைக் கவனியுங்கள். "இருபது வருடமாக நம்பிக்கையில் இருக்கிறோம், பத்திரம் எதற்கு" என்று இருப்பவர்கள் தங்கள் எதிராளியின் கையில் தாங்களே சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

காலி செய்ய வைக்க நினைப்பவர் முதலில் வாடகையை வாங்க மறுப்பார். பிறகு "பாக்கி" என்று வழக்குப் போடுவார். இந்த வலையில் விழக்கூடாது. பணத்தை அனுப்பிய அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பியும் ஏற்காவிட்டால் வாடகை அதிகார அமைப்பிடமே கட்டச் சட்டம் வழி செய்திருக்கிறது.

தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி நெருக்கினால், அதே அமைப்பிடம் மனுக் கொடுக்கலாம். திரும்ப வழங்கும்படி இடைக்கால உத்தரவு போட அதற்கு அதிகாரம் உண்டு.

கட்டிடத்தை விற்றுவிட்டார் என்றாலும் கலங்க வேண்டாம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்திற்கு வருகிறார். பதிவான நம் குத்தகைக் காலம் அவரையும் கட்டும். நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு இப்படி நடந்தது. புதிய உரிமையாளர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். ஐந்து வருடப் பதிவுப் பத்திரத்தின் நகலைக் காட்டியதும், கெடு வரை இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் அட்வான்ஸ் தொகை புதியவரின் கணக்கில் ஏறியதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. வேறு பூட்டுப் போட்டுவிட்டார்

இது சட்டத்தைக் கையில் எடுப்பது. நிலையான அனுபவத்தில் இருப்பவரை, அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், உரிமையாளர் சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1989இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. குறித்த பரிகாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து அனுபவத்தை மீட்கலாம். கெடு தாண்டினால் இந்தச் சுலபமான வழி அடைந்துவிடும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ஆறு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை: பூட்டோடு கடையைப் படம் எடுப்பது, உள்ளே இருக்கும் சரக்கின் பட்டியலைக் கொள்முதல் பில்களோடு தயாரிப்பது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவது. "இது சிவில் விவகாரம்" என்று சொன்னாலும், ரசீது நாளைக்குச் சாட்சியாகும். ஆட்களைக் கூட்டிப் போய்ப் பூட்டை உடைக்க வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தும் எதிர் வழக்கில் மாட்டிக்கொள்வோம்.

பத்திரத்தில் இருக்க வேண்டியவை

ஒரு வருடத்திற்கு மேற்பட்ட குத்தகை சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். இதைத் தவிர்க்கத்தான் 11 மாதப் பத்திரம் போடும் வழக்கம் வந்தது. செலவு குறையும், பாதுகாப்பும் அந்த 11 மாதத்திற்குத்தான். அலமாரி, ஷட்டர், குளிர்பெட்டி என்று லட்சக்கணக்கில் போடுகிறவர் அதை எடுக்கும் காலத்திற்காவது பதிவு செய்துகொள்வதே புத்தி.

எழுத வேண்டியவை இவை:

சாவி கொடுக்கும் தேதி. இடம் எடுக்கும் நோக்கம். இத்தனை வருடத்திற்கு உரிமையாளர் காலி செய்யச் சொல்ல மாட்டார் என்ற உறுதி. மீறினால் இவ்வளவு நஷ்ட ஈடு. (கோர்ட் அந்தத் தொகையை உச்ச வரம்பாக வைத்து நியாயமானதைத் தரும்.) அட்வான்ஸைத் திருப்பும் கெடு, தாமதித்தால் வட்டி.

இவற்றோடு கையெழுத்தையும் கவனியுங்கள். அண்ணன் தம்பிகள் பங்குள்ள கட்டிடமாக இருந்தால் அனைவரும் போட வேண்டும். "பிள்ளைங்க பேசி முடிச்சிட்டாங்க" என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது. வில்லங்கச் சான்றும் பார்த்துவிடுங்கள். பணம் கொடுப்பது வங்கி மூலமாக இருக்கட்டும். பத்திரம் பதிவாகி, சாவி கைக்கு வரும் வரை பலகைக்கும் ஆசாரிக்கும் செலவு செய்யாதீர்கள். சரக்குக்கும் விலை முடிக்காதீர்கள்.

கட்டிட உரிமையாளர்களில் வாக்குத் தவறாதவர்களே அதிகம். நம்மிலும் வாடகை பாக்கி வைத்துவிட்டு நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. நம் கை சுத்தமாக இருந்தால்தான் சட்டம் நம் பக்கம் நிற்கும். எந்தத் தகராறிலும் முதலில் சங்க நிர்வாகிகளை வைத்துப் பேசிப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே தீரும். ஆனால் அந்தப் பேச்சுக்கும் ஒரு பத்திரம் கையில் இருந்தால்தான் மதிப்பு. உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திரத்தை ஒரு தரம் காட்டிவிடுவதும் நல்லது.

அன்றைக்கு அறுத்து வாங்கிய மரப்பலகைகளில் சில இப்போதும் என் கிட்டங்கியில் மூட்டைக்கு அடியில் கிடக்கின்றன. இடம் பேச வரும் இளைஞர்களிடம் அவற்றைக் காட்டி, "முதலில் பத்திரம், பிறகு பலகை" என்று சொல்லி அனுப்புகிறேன்.