மருந்துக்கு அடங்காத காசநோய்

காசநோய் என்று சொல்லும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக் கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்நோயைத் தீர்க்கும் மருந்தே இல்லை. 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய மாணவர் ஷாட்ஸ் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார்.

1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அம்மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் 32 பேரும், மற்றதில் 35 பேரும் இறந்திருந்தனர். முதலில் பணிந்த கிருமி, பலர் உடலில் மருந்தை எதிர்த்து நின்றுவிட்டது.

ஏன் என்று அறியக் கணக்குப் பாடமே போதும். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். ஏறத்தாழப் பத்து லட்சத்துக்கு ஒன்று, தற்செயலான மாறுதலால், மருந்து வருமுன்பே அதற்கு மசியாததாக இருக்கும். ஆக நூறு கிருமிகள் தப்பும். மற்றவை மடிய, காலியான இடத்தில் அந்த நூறும் பெருகும். (கிருமி மருந்துக்குப் ‘பழகிவிட்டது’ என்கிறோமே, அது சரியன்று, பிழைத்தது பெருகியது, அவ்வளவே.) இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டுக்கும் தப்புவது லட்சம் கோடியில் ஒன்றுதான்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம், ஐசோனியசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்து ஏழை நோயாளிகளுக்குத் தந்தது. பாதிப்பேர் சானடோரியத்தில், பாதிப்பேர் நெருக்கடியான தம் வீடுகளில். இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறினர் என 1959-இல் வெளியிட்டனர். உலகமே அம்முறையை ஏற்றது. மாத்திரையைத் தவறாமல் விழுங்கும் பொறுப்பும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் தொல்லை. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்திலேயே காய்ச்சல் விடும், உடல் தேறும், ‘இனி எதற்கு?’ என்று தோன்றும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவதால் பயந்து நிறுத்துவோரும் உண்டு. அது தீங்கற்ற நிறமே. சில மாத்திரைகளை மட்டும் ஒதுக்கினால், எஞ்சிய ஒரே மருந்தோடு 1948-க்கே திரும்புகிறோம்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமி, இருமல் வழியே அதே வடிவில் வீட்டுப் பிள்ளைகளையும் பற்றும். முன்பெல்லாம் இதற்கு இரண்டாண்டு வரை மருந்து, பல மாதம் ஊசி. கானமைசின் ஊசியால் செவித்திறன் இழந்தவர்கள் உண்டு. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின் வந்தபின், வேறு மருந்துகளுடன் சேர்த்துப் பலருக்கு ஆறே மாதத்தில், ஊசியின்றிக் குணமாகிறது. பெடாகுவிலினுக்கும் மசியாத கிருமிகள் சில நோயாளிகளிடம் இப்போதே தென்பட்டுள்ளன.