நீலகிரிப் பழங்குடி மக்களைக் காணச் செல்வோருக்கு

உதகமண்டலத்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகேறி, தொட்டபெட்டாவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சாக்லேட்டும் வர்க்கியும் வாங்கியவர்களாய் மலையிறங்கிவிடுகிறார்கள்; எஞ்சிய சிலருக்கோ, இம்மலையின் ஆதிக் குடிகளையும் பார்த்து வரவேண்டும் என்ற ஆசை எழுகிறது. அந்த ஆசையில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், அழையா வீட்டில் நுழையாதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாமே, அந்த மக்களின் ஊரைக் கண்டதும் அதை மறந்து, காமிராவும் கையுமாக உள்ளே புகுந்துவிடுகிறோம்.

ஆகவே, முதற்காரியம் தெரிந்துகொள்வது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு இனத்தாரையும் ‘மலைஜாதியார்’ என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசுவது தவறு. எருமை வளர்த்து மேட்டுப் புல்வெளிகளில் வாழ்ந்த தோடருக்கும், இரும்பு வேலையும் மட்பாண்டமும் வாத்தியமும் கைவந்த கோத்தருக்கும், கூடலூர்ப் பக்கத்து வயல்களில் பாடுபட்ட பணியருக்கும் பாஷை வேறு, ஆசாரம் வேறு. உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு முற்பகலைச் செலவிட்டவர், பின்னர் எவரையும் அசட்டுக் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தமாட்டார்.

அடுத்தது காலம். சித்திரை, வைகாசி மாதங்களில் மலை தாங்காத கூட்டம் வருகிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்ததும் அதனால்தான். கூட்டம் ஓய்ந்த மாதமாகப் பார்த்துப் போனால், உங்களோடு பேச அவர்களுக்கும் அவகாசம் இருக்கும். தண்ணீர்ப் பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம். அவை மாவட்டத்தில் தடைசெய்யப்பட்டவை.

மூன்றாவது, அநுமதி; எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுவே. வாடகைக் கார்க்காரர் ‘மந்து (தோடரின் ஊர்) ஒன்று காட்டுகிறேன்’ என்று வழியில் நிறுத்துவதை நம்பிப் போகாமல், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, அவர் முன்கூட்டிச் சொல்லி வைத்த வீட்டுக்கு, சொல்லி வைத்த வேளையில் போகவேண்டும். அவருக்குரிய ஊதியத்தையும் முதலிலேயே பேசிவிடவேண்டும். முதுமலை போன்ற காப்புக்காட்டுக் குடியிருப்புகளுக்கு வனத்துறையின் அநுமதியும் அவசியம். ‘இன்று வேண்டாம், ஊரில் துக்கம்’ என்றோ, காரணமே சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றோ பதில் வருமானால், முகம் சுளிக்காமல் திரும்பிவிடுவதுதான் மரியாதை.

தோடரின் மந்துக்குப் போய்ச் சேர்ந்தபின், அழைக்கும்வரை வெளியே நில்லுங்கள். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற அந்தக் குடில்களில், வீடு எது, கோயில் எது என்பது புதியவர் கண்ணுக்குத் தெரியாது. எருமைப்பால் கடையும் பால்மனையே தோடருக்குப் புனித ஸ்தலம். அதற்கென்று விரதம் பூண்ட ஆடவர் மட்டுமே அதனுள் செல்லலாம், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே அங்கே பிரவேசம் கிடையாது. எனவே சுவரைத் தொடுவதும், திண்ணைபோல் தோன்றும் கல்லில் உட்காருவதும் கூடாது. ஆளைக் கேளாமல் படம் எடுப்பது, குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவது, ‘ஒரு நடனம் ஆடிக் காட்டுங்கள்’ என்று கேட்பது ஆகிய மூன்றையும் அடியோடு விட்டுவிடுங்கள். முதுமலைக் காட்டுநாயக்கத் தம்பதியரையும் அவர்கள் வளர்த்த யானைக்குட்டிகளையும் பற்றிய ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் பரிசு பெற்றபின், அங்குள்ள தெப்பக்காடு யானை முகாமில் படமெடுத்துக்கொள்ளத் திரண்ட ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இனி, பணம். தோடப் பெண்கள் முரட்டு வெள்ளைத் துணியில், சித்திரம் வரைந்துகொள்ளாமல், சட்டத்தில் இழுத்துக் கட்டாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமான நூலால் ஊசி போடுகிறார்கள். ஒரு பூத்துக்குளிப் போர்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். இந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் கடைவீதியில் இயந்திரத் தையலும் இதே பெயரில் விலைபோகிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: அசலில் பின்பக்கமும் நேர்த்தியாக இருக்கும். முடிந்தவரை தைத்தவர் கையிலேயே விலையைக் கொடுத்து வாங்குங்கள். தேன் வேண்டுமானால், 1993-இல் தோன்றி இன்று கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் பவுண்டேஷனின் முயற்சியிலிருந்து வளர்ந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் கடைகளில், பழங்குடியினர் எடுத்த தேன் கிடைக்கும். பாறை விளிம்பிலிருந்து கொடிக்கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் குறும்பருக்கு, மேலே கயிற்றைக் காவல்காப்பவன் மைத்துனன் என்பார்கள். தங்கையின் தாலிக்கு அவனைவிடப் பொறுப்பானவன் யார்? விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லுமுன் அந்தக் கயிற்றை நினைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, எத்தனை நல்லெண்ணத்தோடும் போகக் கூடாத இடங்களும் உண்டு. அந்தமானின் ஜாரவா மக்கள் வாழும் பகுதி 1956-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்நியருக்கு மூடப்பட்டது. அதன் ஊடே செல்லும் சாலையில், பிரயாணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காட்சி 2012-இல் வெளியாகி உலகமே தலைகுனிந்தது. அந்தமான் செல்லும் அன்பர்கள், ‘வழியில் ஜாரவாக்களைக் காட்டுகிறோம்’ என்று ஆசைகாட்டும் முகவர்களிடம் சீட்டு வாங்காதிருக்க வேண்டுகிறேன்.