அபராதச் சீட்டுக்கு ஆயுள் உண்டா?

முன்னுரை

காரவள்ளியிலிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகு மூட்டையைச் சந்தைக்கு இறக்கவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் எங்களுக்கு இருசக்கர வண்டியே துணை. என் சித்தப்பா ஒருமுறை தலைக்கவசமின்றிக் கீழே சென்றபோது ரூ.1,000 அபராதச் சீட்டுப் பெற்றார். “ஆறு மாதம் போனால் சீட்டு செத்துப் போகும்” என்று செம்மேட்டுத் தேநீர்க் கடையில் ஒருவர் கூறினார். சித்தப்பாவும் நம்பிவிட்டார்.

ஈராண்டு கழிந்தது. என் விடுதிக் கட்டணத்திற்காக வண்டியை விற்க முற்பட்டார். அபராத நிலுவையைத் தீர்த்தால்தான் பெயர் மாற்றம் நடக்கும் என்றனர். தேநீர்க் கடையில் கேட்ட சொல் மெய்தானா என்று அன்றுதான் ஆராயத் தொடங்கினேன்.

சட்டம் கூறுவது

அச்சொல்லில் பாதி உண்மை உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்திற்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றத்திற்கு ஓராண்டு என 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காலவரையறை செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதையே கூறுகிறது. தலைக்கவசமின்மை முதல் வகை. உரிமமின்றி ஓட்டுதலும் முதல் முறை குடித்துவிட்டு ஓட்டுதலும் இரண்டாம் வகை.

ஆயினும் இக்கெடு, வழக்குத் தொடுப்போருக்கு விதிக்கப்பட்டதேயன்றி, பணம் கட்டாதவருக்கு அளிக்கப்பட்ட விடுதலை அன்று. கெடுவுக்குள் வழக்குத் தொடுக்கப்பட்டுவிட்டால் போதும். நீதிமன்றம் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டாலும் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. தாமதத்திற்குத் தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் அதை மன்னிக்கவும் கூடும். சீட்டு நம் பெட்டியில் கிடக்கும். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறதா என்பதை வீட்டிலிருந்தபடி நாள் எண்ணுபவர் எவ்வாறு அறிவார்?

நீதிமன்றமே அபராதம் விதித்துவிட்டாலோ, தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை அதை வசூலிக்கலாம். அதற்குள் குற்றவாளி இறந்தாலும் அவர் விட்டுச்சென்ற சொத்து அப்பொறுப்பினின்று நீங்குவதில்லை.

விளைவுகள்

அழைப்பாணைக்கு வராதிருந்தால் பிடியாணை பிறக்கலாம். தலைக்கவசக் குற்றத்திற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ரூ.1,000 அபராதத்தோடு மூன்று மாத உரிமத் தகுதியிழப்பையும் விதித்துள்ளது. இவற்றினும் அன்றாடம் நம்மை இடறுவது வாகனப் பதிவேட்டில் நிற்கும் நிலுவைக் குறிப்பே. அது தானாக அழிவதில்லை. கெடு கடந்துவிட்டது என்று கருதுவோர் அதனை நீதிமன்றத்தில் எடுத்துரைத்துத்தான் பயன் பெற வேண்டும்.

இக்காலத்தில் சீட்டு கைப்பேசிக்கே வருகிறது. எண்ணை மாற்றியவர், செய்தி வராததால் குற்றமும் இல்லை என எண்ணிவிடுகின்றனர். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் விதியே.

முடிவுரை

சித்தப்பா ஆயிரம் ரூபாயைக் கட்டினார். ஆனால் வண்டியை வாங்க வந்தவர் காத்திராமல் வேறொன்றை வாங்கிவிட்டார். பின்னர் வந்தவரோ நாலாயிரம் குறைத்தே கேட்டார். “கட்டியிருந்தா ஆயிரத்தோட போயிருக்கும்டா” என்றார் சித்தப்பா. கடைசி நாளில் விடுதிக் கட்டணம் கட்டினேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டியின் பதிவெண்ணை அரசின் இணையதளத்தில் இன்றே இட்டுப் பாருங்கள். நிலுவை இருந்தால் தீர்த்துவிடுங்கள். தவறான சீட்டாயின் மறுத்துரையுங்கள். எங்கள் மலைச்சாலையில் ஒரு வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர் இல்லை. அபராதச் சீட்டும் அத்தகையதே.