இனந்தெரியாத தொட்டிக் கெளிற்றை இனங்காணல்

வலிகாமத்தின் அளவெட்டிப் பகுதியில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நீர் தருவன கிணறுகளே. மாரிமழையிற் குளங்கள் நிரம்பியபின் மேலதிக நீர் வழுக்கையாற்றின் வழியே அராலிக் கடனீரேரியை அடைகின்றது. ஆகையால் ஒரு குளத்தில் விடப்படும் மீன் அக்குளத்தோடு நின்றுவிடுமென எண்ணுதல் தவறு. மீனை விடுமுன் அது யாதென அறிதல் வேண்டும்.

கண்ணாடித் தொட்டியிற் பாசி தின்பதற்கென 2 அல்லது 3 அங்குல நீளத்தில் விற்கப்படும் கரிய மீன் 'டாங்க் கிளீனர்' என வழங்குகின்றது. இது கடைப் பெயரேயன்றி இனப்பெயரன்று. பல இனங்கள் இவ்வொரு பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றுட் சில ஒன்றரை அடி வரை வளர்வன. தொட்டி போதாதபோதே அதனைக் குளத்திலோ கிணற்றிலோ விடும் எண்ணம் எழுகின்றது.

இனங்காணும் முறை

மீனை நீருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுப் பின்வருவனவற்றை நோக்குக.

1. உடல்: நம் நாட்டுச் சுங்கானின் உடல் வழுவழுப்பானது, செதில் இல்லை, 4 சோடி மீசைகள் உண்டு. உடலெங்கும் என்புத் தகடுகளும், தலையின் அடியில் உறிஞ்சும் வாயும் காணப்படின் அது தென் அமெரிக்கக் கவசக் கெளிறாகும்.

2. முதுகுச் செட்டை: முன்னுள்ள தடித்த முள்ளை நீக்கி மென்கதிர்களை எண்ணுக. 7 கதிர்கள் இருப்பின் ஹைப்பொஸ்தோமசு, ஆன்சிஸ்திரசு போன்ற சாதிகளுள் ஒன்றாகலாம். செட்டை பாய்போல் உயர்ந்து, 10க்கு மேற்பட்ட கதிர்களுடன் இருப்பின் தெரிகோப்பிளிக்தீசு என்னும் சாதியாகும்.

3. வயிறு: இச்சாதியில், தனித்தனிக் கரும்புள்ளிகள் பார்டாலிசு என்னும் இனத்தையும், புள்ளிகள் இணைந்து புழு நெளிந்தாற்போன்ற கோடுகள் திசுயங்க்டிவசு என்னும் இனத்தையும் குறிக்கும். முன்னையது 1855 இலும் பின்னையது 1991 இலும் அறிவியலாளரால் விவரிக்கப்பட்டன. இடைப்பட்ட கோலமுடைய மீன்களும் உள்ளன. எனவே வயிற்றை மட்டும் நோக்கி இனப்பெயரைத் துணிதல் கூடாது.

இனம் ஐயத்துக்குரியதாயினும் சாதி தெரிந்தால் விவசாயிக்குப் போதும். இவ்விரண்டு இனங்களாலும் நேரும் கேடு ஒன்றே. இம்மீன் முட்டையிடுவதற்குக் கரைமண்ணிற் பொந்து தோண்டுவதால் அணைக்கட்டு தளர்கின்றது. இரைப்பையால் வளியைச் சுவாசிப்பதால், பிற மீன்கள் மாளும் கெட்ட நீரிலும் இது பிழைக்கின்றது. முட்கள் வலையைக் கிழிக்கின்றன. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இது நிலைகொண்டுள்ளமை 2013 இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது.

செய்யத்தக்கவை

(அ) இம்மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றிலோ விடலாகாது. இதன் கழிவு கிணற்று நீரை அசுத்தமாக்கும்.

(ஆ) வளர்க்க இயலாதோர் விற்றவரிடமோ, பெரிய தொட்டி உடையவரிடமோ கொடுத்துவிடுக.

(இ) குளத்தில் அகப்பட்டால் மீண்டும் நீரில் விடாது, முதுகு, பக்கம், வயிறு ஆகிய மூன்றையும் படம் பிடித்து, இடமும் தேதியும் குறித்து, கடற்றொழில் பரிசோதகருக்கு அறிவித்தல் வேண்டும்.

(ஈ) சுங்கானை அந்நிய மீனென மயங்கிக் கொல்லலாகாது. அதன் மார்புச் செட்டை முள் நஞ்சுடையது. வெறுங்கையாற் பிடித்தலும் ஆகாது.

கரையில் நின்று ஒரு நிமிடம் செட்டைக் கதிரை எண்ணுதல் எளிது. குளத்திற் பரவிய மீனைப் பின்னர் ஒழித்தல் மிக அரிது.