பிவட் புள்ளி: பழைய கணக்கில் ஒரு சோதனை

முதல் நாளின் உச்சவிலை, தாழ்விலை, முடிவுவிலை மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் பிவட் புள்ளி. அதை இரட்டித்து உச்சவிலையைக் கழித்தால் முதல் சப்போர்ட். ‘அங்கே வாங்கு, லாபம்’ என்பார்கள். சோதிப்போமா?

2020 மார்ச் 20, நிஃப்டி: 8883, 8178, 8745. பிவட் 8602, சப்போர்ட் 8321. அடுத்த வர்த்தக நாளான மார்ச் 23-இல் சந்தை திறந்ததே 7946-இல், உச்சம் 8159. ஆக, 8321 என்ற விலையே அன்று நடக்கவில்லை! முடிந்ததோ 7610-இல்.

தாழ்விலையை மட்டும் பார்த்துச் சோதித்தால், 8321-க்கு வாங்கியதாகப் பொய்க்கணக்கு விழும். தொடக்கவிலையையும் சேருங்க. ஒருநாள் போதாது, பல வருஷம் சோதித்து, தரகும் வரியும் கழிச்சுப் பாருங்க.

பாகூர், வில்லியனூர் பக்கம் நெல் வித்து வந்த காசு அது. கணக்குப் பார்க்காமல் இறக்கலாமா?